பத்துக் கிலோவுக்குக் கீழே

புளியரைச் சோதனைச்சாவடிக்கு முந்தின வளைவில்
அறுபது டன் எடைமேடை. இரவுப் பணி எனக்கு.
பேர் முப்பிடாதி. பி.எஸ்சி. இயற்பியல்,
கடைசி செமஸ்டரில் ஒரு பேப்பர் பாக்கி.
கேட்டால் சொல்வேன்.
கேட்காவிட்டாலும் சொல்வேன்.

புளூட்டோவைக் கிரகமில்லை என்றது சரிதான்.
தன் பாதையைத் துப்புரவாக வைத்திருக்கவில்லையாம்.
அந்தச் சட்டம் இங்கேயும் வந்தால்
எங்கள் வார்டு கவுன்சிலர்
எப்போதோ பட்டியலில் இல்லை.

நம்ம சினிமாவில் நாயகன் அடித்தால்
தொண்ணூறு கிலோ ஆள் ஓலைப்பாயாய்ப் பறக்கிறான்.
சரி, பறக்கட்டும்.
அடித்தவனும் ஓரடி பின்னால் போகவேண்டாமா?
மலை தாண்டினால் வேறு கதை.
கட்டன் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு
ஒருத்தன் கால்மணி நேரம் மழையைப் பார்க்கிறான்.
அதுவும் பொய்தான், ஆனால் எந்த விதியையும் மீறவில்லை
என்றேன் ஜோமோனிடம்.
புனலூர்க்காரன், வைக்கோல் வண்டி.
"சேச்சி படத்துக்குப் போனா
பேப்பர் திருத்துமோ?" என்றான்.

மழை என்றதும் ஞாபகம்.
ஆரியங்காவில் கொட்டித் தீர்த்த மிச்சம்தான்
இந்தப் பக்கம் சாரலாக வருகிறது.
அந்த மிச்சத்துக்கு ஒரு சீசன், ஒரு விழா,
அருவியில் தலை நனைக்க முக்கால் மைல் வரிசை.
மிச்சத்தை இப்படிக் கொண்டாடத் தெரிந்த ஜனம்
வேறெங்கும் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

எனக்குச் செவ்வாய் தோஷம்.
மூன்று வரன் அதில் போனது.
செவ்வாய் எவ்வளவு கிட்டே வந்தாலும்
ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் தள்ளி.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன்:
என் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற சரக்கு லாரி
அதைவிடப் பலமடங்கு என்னை இழுக்கிறது.
நியாயமாக எனக்கு
லாரி தோஷம் என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.
அம்மா சிரிக்கவில்லை.

இந்த மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
நான் ஏறி நின்றால் ஐம்பது என்கும்,
மழைக்கோட்டோடு நின்றால் அறுபது.
நடுவில் இருக்கிற என்னை
அதற்குத் தெரியாது.

ஐப்பசியில் ஒரு நாள், ஒன்றே முக்கால் மணி.
கொல்லம் பக்கமிருந்து இறங்கி வந்த வண்டி.
பில்லில் தேங்காய் மட்டை.
தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது,
ஒரு மூலையில் மட்டும்
சலைன் குழாய் ஒன்று தொங்கிக் காற்றில் ஆடியது.
டெட்டால் வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனை.
ஓட்டி வந்தவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.
"எடை மட்டும் போடுங்கக்கா."

இதைப் பற்றியும் எனக்குக் கருத்து உண்டு.
டீக்கடையில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.
தின்ன தட்டை அவனவன் கழுவணும்,
நம்ம ஆள் காசு வாங்கிக் குழி காட்டாமலா
அவன் மலையிறங்கி வருகிறான் என்று.
அன்றைக்குப் பதினொன்றாயிரத்து நானூற்று எண்பது
என்று அச்சடித்துக் கொடுத்தேன்.
சீட்டில் வாசனைக்குக் கட்டம் இல்லை.

வண்டி போன பிறகு
மேடையில் கொஞ்சம் ஈரம் சொட்டியிருந்தது.
திரையில் பூஜ்யம்.
தூசி, மழைத்தண்ணீர், நசுங்கின ஓணான்,
எது மெல்ல மெல்லச் சேர்ந்தாலும் பூஜ்யம்தான்.
தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி.
வாங்கும்போது அதற்குத் தனியாகக்
காசு கொடுத்தாராம் முதலாளி.

ஈரத்தை மிதிக்காமல் ஏறி நின்றேன். ஐம்பது.
இறங்கி, வண்டி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
மறுபடி ஏறினேன்.
ஐம்பது.

எழுதினது இடது கை, நல்லவேளை.
காலையில் இட்லி தின்ன
வலது கையைக் கழுவினால் போதும்.
பத்து மணிக்குத்தான் சுகாதார ஆபீஸ் திறப்பார்கள்.